வளைவுக்குப் பீடிங்: கீறி வளைப்பதா, ஒட்டி வளைப்பதா?

கிளிநொச்சி வீட்டுச் சாமித்தட்டின் மேல் வளைவுக்குத் தேக்குப் பீடிங் (ஓரத்தில் அடிக்கும் ஒடுக்கமான மரச் சட்டம்) வைக்க இரண்டு வழியும் செய்து பார்த்தேன்.

பீடிங்கின் முதுகில் வாளால் வரிசையாகக் கீறினால், முன்பக்கம் 2 மி.மீ. அளவு மிஞ்சும்படி விட்டு, அரை மணியில் வளைத்து அடித்துவிடலாம். ஆனால் கீறல் இடைவெளி பிசகினால் வளைவு மூலை மூலையாகத் தெரியும். ஓரத்தில் பல்லுப் பல்லாக வெட்டும் காட்டும். புட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பதென்றால் சரி.

மற்றது, 2 மி.மீ. தடிப்பான தேக்குக் கீலங்களைப் பசை பூசி அடுக்கி, வளைந்த அச்சில் இறுக்கி இரவு முழுக்க விடுவது. கழற்றியதும் கொஞ்சம் நிமிரும். அதனால் அச்சைச் சற்றுக் கூடுதலாகவே வளைத்து வெட்டினேன். வன்னி வெயிலில் பசை சட்டென்று இழுத்துவிடும், விடியவே பூச வேண்டும். வார்னிஷில் தேக்கின் ரேகை தெரிய வேண்டுமென்றால் எனக்கு இதுதான். கிளாம்ப் காணாததால் பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றினேன், நன்றாகவே பிடித்தது.