வீட்டுக்கு எத்தனை வயர் வருகிறது? இணையச் சமத்துவத்தில் சட்டமும் சந்தையும்

2015 டிசம்பரில் ஃபேஸ்புக்கைத் திறந்தாலே, சில தளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் தன் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்தை ஆதரித்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு ஒரு மெயில் அனுப்பச் சொல்லி ஒரு செய்தி வந்து நிற்கும். இல்லாதவர்களுக்கு இலவச இணையம் என்றால் யாருக்குக் கசக்கும்? நானும் அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். பிளஸ் டூ கணக்குப் பாடங்களை வீடியோவாக எடுத்து இணையத்தில் போடத் தொடங்கியிருந்த நேரம் அது. சரி, நம் பாடத்தையும் அதில் சேர்க்கலாமே என்று நிபந்தனைகளைப் படித்தால், வீடியோவுக்கு அங்கே இடமே இல்லை. எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்பதை ஒரே நிறுவனம் வகுத்துவைத்திருந்தது. அன்றைக்கே அந்தத் திட்டத்தை எதிர்த்து டிராய்க்கு எழுதினேன். இன்றும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன், ஆனால் காரணம் மாறிவிட்டது.

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில் எந்தத் தளத்தைப் பார்த்தாலும் ஒரே விலை, ஒரே மரியாதை. அதுதான் நெட் நியூட்ராலிட்டி, அதாவது இணையச் சமத்துவம். இதைச் சட்டம் போட்டுக் காக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. கேபிள் புதைத்து டவர் நட்டவர்கள் விலையைத் தாங்களே வைக்கட்டும், பிடிக்காவிட்டால் வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போகட்டும் என்பது மறுதரப்பு.

இந்தியா முதல் வழியில் போனது. தளத்துக்குத் தளம் டேட்டா விலை மாறக்கூடாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் உத்தரவு போட்டது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். தளங்களைத் தடுப்பது, வேண்டுமென்றே வேகத்தைக் குறைப்பது ஆகியவற்றுக்கு எதிரான விதிகள் 2018 ஜூலையில் ஒப்புதல் பெற்றன. அமெரிக்காவிலோ 2015-ல் அங்கத்திய தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதி கொண்டுவந்தது, 2017-ல் அதே எஃப்சிசி எடுத்துவிட்டது, 2024-ல் திரும்பக் கொண்டுவந்தது, 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றுவிட்டது. கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள்தான் தங்களுக்கென்று சட்டம் வைத்திருக்கின்றன.

சந்தைத் தரப்பின் வலுவான சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. ஒரு ஜிபியை 250 ரூபாய் வரை கொடுத்து வாங்கி, மாசம் முழுக்கப் பார்த்துப் பார்த்துச் செலவழித்தோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, விலை மளமளவென்று இறங்கியது. அதை எந்த உத்தரவும் செய்யவில்லை, போட்டிதான் செய்தது. என் மாணவர்கள் வீடியோ பார்க்க முடிந்ததே அதற்கப்புறம்தான்.

ஆனால் அந்தப் போட்டி எப்படி உள்ளே வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். புதுக் கம்பெனி எண்ணிலிருந்து பழைய கம்பெனி எண்ணுக்குக் கால் போக, பழைய கம்பெனி இணைப்பு தர வேண்டும். போதிய அளவு தரவில்லை என்று சொல்லி, 2016 அக்டோபரில் மூன்று பழைய நிறுவனங்களுக்கு மொத்தம் 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்க டிராய் பரிந்துரைத்தது. நம்பர் மாறாமல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்ததும் அரசு விதியால்தான். 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு போட்டபோது தமிழ்நாட்டில் எத்தனை பேர் கம்பெனி மாறத் தேவையான போர்ட் கோடுக்காக அலைந்தார்கள்! அலைந்தாலும் பழைய நம்பரோடு வேறு இடம் போக ஒரு வழி இருந்தது. ‘பிடிக்காவிட்டால் மாறிக்கொள்’ என்று சொல்ல முடிவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை மொத்த வழக்கும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது: மாற முடியுமா? மொபைலில் முடியும். வீட்டு இணைப்பில்?

ஒரு மார்ச் மாதம், பொதுத்தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், நேரலை வகுப்பின் நடுவே மோடத்தில் ரெட் லைட் சிமிட்ட ஆரம்பித்தது. தெருமுனையில் லாரி வயரை அறுத்துக்கொண்டு போயிருந்தது. மறுநாள் மதியம்தான் ஆள் வந்தார். ஏணியைச் சாத்தி, கம்பத்தில் சுருட்டித் தொங்கிய வயரை இறக்கி உரித்து, தலைமுடி மாதிரி இருந்த கண்ணாடி இழையைத் துடைத்து மெஷினில் வைத்து ஒட்டினார். “வேற கம்பெனி லைன் இந்தத் தெருவுக்கு வராதா தம்பி?” என்று கேட்டேன். “வராது டீச்சர். இந்த ஏரியா எங்களுது. வேற ஆளுங்க உள்ள வயர் இழுக்க மாட்டாங்க” என்றார். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை, நிலவரத்தைத்தான் சொன்னார். அந்த ஒற்றை வயரை வைத்திருப்பவர் நாளைக்கு என் பாடத் தளத்தை மெதுவாக்கினால் நான் எங்கே மாறுவது?

2014-ல் அமெரிக்காவில் இதைப் போன்ற ஒன்று நடந்தது. காம்காஸ்ட் என்ற இணைய நிறுவனத்தின் இணைப்பு வைத்திருந்த வீடுகளில் நெட்ஃபிளிக்ஸ் திணறியது. நெட்ஃபிளிக்ஸ் நேரடி இணைப்புக்குக் காசு கொடுக்க ஒப்புக்கொண்ட பிறகு வேகம் ஏறியது. நெட்ஃபிளிக்ஸால் கொடுக்க முடியும். சின்னதாக ஒரு தளம் நடத்துகிறவர்?

நான் அங்கே வாழ்ந்ததில்லை. அங்கிருக்கும் என் தம்பி, 2017-க்குப் பிறகு தனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்கிறான். பயமுறுத்திய அளவுக்கு எதுவும் நடக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் குடியிருப்புக்கும் கம்பி வழி இணைப்பு தருவது ஒரே கம்பெனிதானாம்.

அரசு விதி என்றாலே நல்லது என்றும் சொல்ல மாட்டேன். தென்கொரியாவில் நெட்வொர்க்கைப் பயன்படுத்தத் தளங்களும் இணைய நிறுவனங்களுக்குக் காசு கொடுக்கும் கட்டண முறைக்குப் பின்னால் இருப்பதும் அரசு விதிதான். அந்தச் செலவு மற்ற நாடுகளைவிடப் பத்து மடங்கு என்று சொல்லி, நேரலை வீடியோ தளமான ட்விட்ச் 2024 பிப்ரவரியில் அங்கே கடையைக் கட்டியது. பெரிய தளங்கள் நெட்வொர்க் செலவில் பங்கு தர வேண்டும் என்று நம் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இது எனக்குக் கவலை தருகிறது.

இன்னொன்று, சமத்துவ விதி தானாக ஒரு மீட்டர் கேபிள்கூடப் போடாது. கிராமங்களுக்குக் கேபிள் இணையம் கொண்டுபோக அரசு 2011-ல் திட்டமிட்ட பாரத்நெட் இவ்வளவு வருஷம் இழுத்ததைப் பார்த்தால், முதலீட்டுக்கு லாபம் வேண்டும் என்று தனியார் சொல்வதைத் தள்ளிவிட முடியவில்லை. கணக்கு டீச்சராகிய எனக்கு அந்தத் தொழிலின் வரவுசெலவு பழக்கமில்லை. அதனால் விலையை அவர்களே வைக்கட்டும், மாசத்துக்கு 100 ரூபாய் கூடவே கேட்டாலும் கொடுக்கிறேன். வயருக்குள் எது போகிறது என்பதில் மட்டும் கைவைக்கக் கூடாது.

டிராய் அடுத்த முறை மக்கள் கருத்துக் கேட்டால் எங்கள் தெருக் கம்பத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதில் இன்னொரு கம்பெனி வயர் இழுக்க வந்தால் யாரும் தடுக்கக் கூடாது. அதற்கும் ஒரு விதி வேண்டும்.