காட்டியது 148, கிடைத்தது 116.5: டெல்லியில் எஸ்எஸ்சி பயிற்சிக்குப் பணம் கட்டிய கதை

டெல்லிக்குப் போய் எஸ்எஸ்சி (மத்திய அரசு வேலைகளுக்கு ஆள் எடுக்கும் பணியாளர் தேர்வாணையம்) தேர்வுக்குப் படிக்கலாம் என்று ஊரில் யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருந்தால், டிக்கெட் போடுவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். 27,650 ரூபாயும் ஏழு மாதமும் போன பிறகு எழுதுகிறேன். நான் சேர்ந்த பயிற்சி மையத்தின் பெயரை இங்கே போடவில்லை, கேட்கவும் வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, பயிற்சி மையங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் டெல்லியின் முகர்ஜி நகரில் ஒரு பலகையைக் காட்டி எச்சரித்தால் பக்கத்துச் சந்தில் அதே மாதிரி நாலு பலகை தொங்கும்.

எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். பி.காம். படிக்கும்போதே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து இங்கிலீஷ் லோயர் பாஸ் பண்ணியிருந்தேன். சித்தப்பா டெல்லியில் மத்திய அரசு அலுவலகத்தில் யுடிசி (மேல்நிலை எழுத்தர்), ஆர்.கே. புரத்தில் குவார்ட்டர்ஸ். "தங்கச் செலவில்ல, சாப்பாட்டுக்குச் செலவில்ல, வந்து இருந்து படி. சிஎச்எஸ்எல் எழுதி எல்டிசி ஆயிட்டேன்னா அதுக்கப்புறம் உன் சாமர்த்தியம்" என்றார். சிஎச்எஸ்எல் என்பது எழுத்தர் மாதிரியான வேலைகளுக்கு எஸ்எஸ்சி நடத்தும் தேர்வு, எல்டிசி என்றால் கீழ்நிலை எழுத்தர். பன்னிரண்டாம் வகுப்பு போதும், தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,900. வீட்டில் அப்பாவுக்கு அந்த 'மத்திய அரசு' என்ற சொல்லே போதுமாக இருந்தது.

2024 ஜனவரியில் வந்து சேர்ந்தேன். பல் கிட்டிக்கும் குளிர். ஆர்.கே. புரத்தில் மெட்ரோ ஏறி, ஹவுஸ் காஸில் மஞ்சள் தடத்துக்கு மாறி, ஜிடிபி நகரில் இறங்கி, பேட்டரி ரிக்‌ஷாவில் முகர்ஜி நகர் பத்ரா சினிமா வரை. அங்கே இறங்கியதும் துண்டுச்சீட்டு கொடுக்கிற கைகள் சூழ்ந்துகொள்ளும். எல்லாரும் இந்தியில் கத்திக்கொண்டிருக்க, ஒரே ஒருவர் மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்: "தம்பி, நம்ம ஊரா?"

நான் மாட்டியது அந்த ஒரு கேள்வியில்தான். சேலத்துக்காரர், வயது நாற்பதுக்குள் இருக்கும். டீ வாங்கிக் கொடுத்தார். "இங்க எல்லாமே இந்திதான் தம்பி, நம்ம பசங்க ரொம்பக் கஷ்டப்படுறாங்க. நம்ம இடத்துல மட்டும் சவுத் பசங்களுக்குன்னு தனி இங்கிலீஷ் பேட்ச் இருக்கு. நாப்பதாயிரம் ஃபீஸ், உங்களுக்காகப் பேசி இருபத்திநாலுக்கு முடிச்சுத் தரேன், ஆனா இன்னைக்கே கட்டணும்." ஆள் சேர்த்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் உண்டு என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவர் எனக்கு அண்ணன்.

ஒரு வருடத்துக்கு 24,000. அதில் 9,000-ஐ யுபிஐயில் வாங்கிக்கொண்டு, மீதி 15,000-ஐ ரொக்கமாகக் கேட்டார்கள். பக்கா பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடும் என்றார்கள். எதற்கு நாலாயிரம் சொச்சம் கூடக் கொடுப்பானேன் என்று நானும் தலையாட்டினேன். ஒரு சின்னத் தாளில் பேனாவால் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். இங்கே அதற்குக் கச்சா பில் என்று பெயர். ராத்திரி சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏல, இதுல கடை பேரே இல்லையே" என்றார். "நம்ம ஊர்க்காரர் சித்தப்பா" என்றேன்.

இங்கிலீஷ் பேட்ச் பதினோரு நாள் நடந்தது. அப்புறம் ஆள் போதவில்லை என்று சொல்லி எங்களை இந்தி பேட்ச்சோடு சேர்த்துவிட்டார்கள். கணக்கு வாத்தியார் நல்ல மனிதர்தான், பலகையில் எழுதுவதைப் பார்த்தே பாதி புரிந்துவிடும். ரீசனிங்கும் பொது அறிவும் எனக்கு வெறும் சத்தம். இதைப் பற்றி அதிகம் புலம்பப் போவதில்லை. சேருவதற்கு முன் மூன்று நாள் தொடர்ந்து வகுப்பில் உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். டெமோ என்று ஒரே ஒரு மணி நேரம் காட்டினால் அது அவர்களுடைய மிகச் சிறந்த ஒரு மணி நேரம்.

650 ரூபாய்க்கு ஒரு புத்தகமும் தலையில் கட்டினார்கள். கட்டுரை, கடிதம் எழுதுவதற்கான 'டிஸ்கிரிப்டிவ்' கையேடு. பிப்ரவரி முழுக்க உட்கார்ந்து கடிதம் எழுதிப் பழகினேன். சிஎச்எஸ்எல்லில் அந்தத் தாளே 2022-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து கிடையாது! இப்போது இரண்டே கட்டம். இரண்டாம் கட்டத்தில் கணக்கு, ரீசனிங், ஆங்கிலம், பொது அறிவு, கம்ப்யூட்டர் எல்லாமே கொள்குறி வினாக்கள். கேள்விக்கு 3 மதிப்பெண், தப்புக்கு 1 கழிவு. கடைசியில் டைப்பிங், அது தகுதிக்கு மட்டும். எஸ்எஸ்சியின் அறிவிக்கையை முழுசாக ஒருமுறை படித்திருந்தால் எனக்கு ஒரு மாதம் மிஞ்சியிருக்கும். ஊரில் டைப்பிங் சொல்லிக்கொடுத்த சார் சொல்வார், "பாராவை வாசிக்காம விரலை வைக்காத" என்று. அது டைப்பிங்குக்கு மட்டும் சொன்னதில்லை போலிருக்கிறது.

டைப்பிங் லேபுக்குத் தனியாக 3,000. அடித்தளத்தில் ஒரு அறை, இறங்க ஏற ஒரே படிக்கட்டு, 22 கம்ப்யூட்டர். ஒன்பதுதான் ஓடும். இதே முகர்ஜி நகரில் 2023 ஜூனில் ஒரு பயிற்சிக் கட்டடத்தில் தீப்பிடித்து, பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தப் படம் நினைவுக்கு வராமல் ஒருநாளும் கீழே போனதில்லை. அங்கே இருந்த மென்பொருள் எனக்கு நிமிடத்துக்கு 52 சொல் என்று காட்டியது. லோயரே முப்பதுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. தேர்வில் கேட்பது ஆங்கிலத்துக்கு 35, அதாவது மணிக்கு 10,500 விசையழுத்தம், பத்து நிமிடத்துக்கு 1,750. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் பேப்பர் செய்தி ஒன்றைப் பத்து நிமிடம் அடித்து நானே எண்ணினேன். 38 வந்தது, அதிலும் வரிக்கு ஒரு பிழை. லேபில் காட்டியது ஊதிப் பெருக்கிய வேகம். இதுவும் ஏமாற்றுதான் என்று அன்றே உறைத்திருக்க வேண்டும். மென்பொருள் பழசு போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சரி, மாக் டெஸ்டுக்கு, அதாவது மாதிரித் தேர்வுக்கு வருகிறேன். இந்தப் பதிவே அதற்காகத்தான்.

முதல் கட்டத் தேர்வு நூறு கேள்வி, 200 மதிப்பெண், ஒரு மணி நேரம். சரியான விடைக்கு 2, தப்புக்கு அரை மதிப்பெண் போகும். வாரா வாரம் சனிக்கிழமை அவர்களுடைய ஆப்பில் மாக் டெஸ்ட். 118, 130, 140, 148 என்று ஏறிக்கொண்டே போனேன். 'அகில இந்திய ரேங்க் 214, எழுதியோர் 18,000' என்று பச்சை எழுத்தில் வரும். அதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்புவேன், அவர் தெருவில் நாலு பேருக்குக் காட்டுவார். வகுப்பு புரியாவிட்டால் என்ன, மார்க் ஏறுகிறதே என்று இருந்துவிட்டேன். வெளியேற நினைத்த ஒவ்வொரு வாரமும் அந்தப் பச்சை எழுத்து என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

நேரு விஹாரில் அறை எடுத்துத் தங்கியிருந்த கும்பகோணத்துப் பையன் ஒருவன் மெஸ்ஸில் பழக்கம். எந்த மையத்திலும் சேராதவன். பழைய வினாத்தாளை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துத் தானே எழுதுவான். என் ரேங்க்கைக் காட்டியதும், "மச்சான், இதுல ஒரு மாக் எவ்வளவு?" என்றான். வெளியாட்களுக்கு 99 ரூபாய். கட்டினான். கேள்வியையே படிக்காமல் நூறுக்கும் 'பி' என்று தட்டிவிட்டு நாலு நிமிடத்தில் முடித்தான். ரேங்க் 2,311 வந்தது! அதாவது கேள்வியைப் படிக்காதவன் பதினைந்தாயிரம் பேரை முந்திவிட்டான். மெஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றிரவு என்னுடைய 148-ஐக் கையால் கூட்டிப் பார்த்தேன். சரி 74, தவறு 24, விட்டது 2. 74-க்கு 148 சரிதான். தவறான 24-க்கு 12 கழிய வேண்டும், கழிக்கவே இல்லை. உண்மையில் 136. நாலு மாதமாக இந்தக் கூட்டலை நான் போட்டுப் பார்க்காததற்கு ஒரே காரணம், எனக்கு அந்த 148 பிடித்திருந்தது.

136-உம் பொய் என்பது ஜூனில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மஹிளா ஹாட் புத்தகச் சந்தையில் அந்தப் பையனோடு சுற்றும்போது பழைய வினாத்தாள் தொகுப்பு ஒன்றை 120 ரூபாய்க்கு வாங்கினேன். புரட்டினால் எங்கள் மாக் டெஸ்ட் அப்படியே இருக்கிறது. ஒரு வட்டிக் கணக்கில் நாலு விடையுமே தப்பாக அச்சாகியிருந்தது, அதே தப்பு ஆப்பிலும். மொத்தம் பன்னிரண்டு தாள்கள். அவற்றையே கேள்வி வரிசையை மாற்றி மாற்றிச் சுற்றவிட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே பார்த்த கேள்விக்கு விடை ஏன் வராது? என் கணக்கு முன்னேறவே இல்லை. ஞாபகம்தான் முன்னேறியிருந்தது.

தேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நிலையில் இது தெரிந்தவன் எப்படிப் படிப்பான் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அந்தச் சமயம் பார்த்துச் சேலத்து அண்ணனிடமிருந்து போன். "148 வாங்குற பையன் தம்பி நீங்க, லேசா ஒரு தள்ளு தள்ளுனாப் போதும். மேல ஆள் இருக்கு. நாலு லட்சம், பாதி இப்ப, பாதி ரிசல்ட்டுக்கு அப்புறம்." பொதுத் தேர்வு முறைகேடுகளுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு சிறை என்கிற சட்டம் 2024 ஜூன் 21 அன்று அமலுக்கு வந்தது. இந்தப் போன் வந்தது அதற்கு மறு வாரம். அப்பாவிடம் நாலு லட்சம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்க்க எனக்கு இன்றைக்கும் விருப்பமில்லை. போனை வைத்துவிட்டேன்.

ஜூலையில் தேர்வு. விடைக்குறிப்பு வந்ததும் என் விடைத்தாளோடு ஒப்பிட்டேன். சரி 66, தவறு 31, விட்டது 3. மொத்தம் 116.5. பல ஷிஃப்ட்களாக நடப்பதால் பிறகு சமன்செய்து கொஞ்சம் கூட்டுவார்கள், குறைப்பார்கள். அதெல்லாம் கட் ஆஃப் பக்கத்தில் நிற்பவர்கள் கவலைப்பட வேண்டியது. அரை மார்க் கழிவு இல்லாமலே பழகியவன் கை, தெரியாத கேள்வியையும் தட்டிவிட்டது. அந்த 31 தவறில் பாதிக்குமேல் அப்படிப் போனவை.

பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்றிருந்தபோது ஜூலை 27 வந்தது. பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி மையத்தின் அடித்தள நூலகத்தில் மழைவெள்ளம் புகுந்து மூன்று பேர் இறந்த நாள். அதற்கப்புறம் நகரத்தில் அடித்தள மையங்களைத் தேடித் தேடிப் பூட்டினார்கள். எங்கள் லேபும் மூடியது. பாக்கி மாதங்கள் எல்லாம் ஆன்லைன் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது, அவ்வளவுதான். நேரில் போய்க் கேட்டதற்கு, சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் காட்டினார்கள். 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று இந்தியில் இருந்ததாம்.

சித்தப்பாதான் அடுத்த வேலையைத் தொடங்கினார். நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் பத்து நாளில் தர வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதை அச்செடுத்துக் கொடுத்தார். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன், தமிழிலேயே பேச முடிகிறது. மையத்திலிருந்து பதில் வந்தது: பாக்கி ஐந்து மாதத்துக்கு 3,750 ரூபாய் தருகிறோம் என்று. 24,000-க்குப் போட்டால் 10,000 வர வேண்டும். அவர்கள் போட்டது யுபிஐயில் போன 9,000-க்கு மட்டும். ரொக்கம் 15,000 அவர்கள் கணக்கிலேயே இல்லை. சித்தப்பா கடை பெயர் இல்லை என்று காட்டிய தாள் பர்ஸில் மடிந்து கிழிந்து போயிருந்தது. 3,750-ஐ வாங்காமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனில் புகார் போட்டோம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் கட்டாயமில்லை. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.

கும்பகோணத்துப் பையன் தேறிவிட்டான். 2025-இல் இறுதிப் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. அதற்கப்புறம் ஒருநாள் பத்ரா பக்கம் போக வேண்டியிருந்தது. அந்த மையத்தின் வாசலில் புது பேனர். நடுவில் பெரிசாக அவன் படம். கீழே இந்தியில் அவன் பெயரைத் தப்பாக எழுதி, 'எங்கள் மாணவர்' என்று போட்டிருந்தார்கள். தேறியவரின் சம்மதம் இல்லாமல் படம் போடக் கூடாது, அவர் எந்தப் படிப்பில் சேர்ந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரிலேயே விதி வெளியிட்டுவிட்டது. பேனரைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அடுத்த நாளே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அதையும் என் புகாரோடு சேர்த்திருக்கிறோம்: அந்த மையத்தில் தான் கட்டியது 99 ரூபாய், எழுதியது ஒரே ஒரு மாக் டெஸ்ட், விடை நூறும் 'பி'.