காரில் வைத்தே டிஸ்க் கடைசல்: பிரேக் நடுக்கத்துக்கு ஏற்ற சேவையா?

பிரேக் மிதிக்காமலே 80–90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் ஆடினால் முதலில் வீல் பேலன்சிங் பாருங்கள். டிஸ்க்கைக் காரிலிருந்து கழற்றாமலே கடைந்து சமப்படுத்தும் இந்தச் சேவை தேவைப்படாது. மிதிக்கும்போது மட்டும் ஆடினால் முன் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே இறங்கும் வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

டிஸ்க்கைத் தனி லேத்தில் கடைவதைவிட, கோவையில் ஹப்போடு (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி) சேர்த்துக் கடைந்து தரும் பட்டறைகளே மேல். ஹப்பின் கோணலும் அதில் ஈடாகிவிடும். ஆனால் டயல் கேஜ் (டிஸ்க்கின் பக்கவாட்டு ஆட்டத்தை அளக்கும் கருவி) வைக்காமல் கடைய வருபவரிடம் வண்டியை விடாதீர்கள். பல கார்களுக்கு 0.05 மி.மீ.க்கு மேல் அந்த ஆட்டம் இருந்தாலே போதும்: பிரேக் போடாதபோதும் மேடான இடம் பிரேக் பேடில் உரசி, அங்கே மட்டும் டிஸ்க் தேய்ந்து, கனம் மாறி, நடுக்கம் திரும்பும். டிஸ்க்கைச் சுற்றிலும் எட்டு இடத்தில் கனத்தை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போகுமென்றால் கடையவே கூடாது, இரண்டு பக்கமும் புதிதாக மாற்றுங்கள்.

ஒரு குறை: பிறகு டிஸ்க்கைக் கழற்றினால் அதே நிலையில் மாட்ட வேண்டும், ஹப்பில் அடையாளம் போட்டுத் தரச் சொல்லுங்கள். பேடை அழுத்தும் காலிப்பரின் இறுகிய பின்களுக்குக் (pin) கிரீஸ், வீல் நட்டுக்கு ஏர் கன் இல்லாமல் அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்ச். இவை இரண்டும் செய்யாத பட்டறைக்குப் பணம் தண்டம்.