கேலிகோ சேஃப் வாஷ் மை: எந்த அச்சுக்கு ஆகும், எதற்கு ஆகாது

கிரான்ஃபீல்டு நிறுவனத்தின் கேலிகோ சேஃப் வாஷ், கையால் படம் அச்செடுக்கும் கலைக்கான எண்ணெய் மைதான். ஆனால் சோப்பும் தண்ணீரும் போட்டால் போய்விடும். பலர் சேர்ந்து பழகும் ஸ்டுடியோவில் டர்பன்டைன் நெடி இல்லாமல் வேலை நடப்பதே பெரிய லாபம். தண்ணீர் மை போல உருளையிலேயே உலர்ந்து ஒட்டிக்கொள்ளாது என்பதால், கை பழகாதவர்கள் நிதானமாகப் பதிக்கலாம்.

ரிலீஃப் (செதுக்கிய பலகையின் மேட்டில் மை ஏற்றும் அச்சு), எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலம் அரித்த கோடுகளில் மை நிரப்பும் அச்சு) என இரண்டு வகை இருக்கிறது. டின்னைப் பார்த்து வாங்குங்கள். முதலாவது மேற்பரப்பில் மெல்லிய படலமாக உட்காரும். இரண்டாவது, துடைத்தாலும் கோட்டுக்குள் தங்க வேண்டிய மை.

லினோலியம் பலகையைச் செதுக்கிப் பதிக்கும் லினோவுக்கு இது அருமை. கண்ணாடியில் கொஞ்சமாக எடுத்து, உருளை மெல்லச் சீறும் சத்தம் வரும்வரை தேய்க்க வேண்டும். சளசளவென்று சத்தம் வந்தால் மை அதிகம். நுண்ணிய வெட்டுகள் அடைத்துவிடும். ஒரேயடியாக அப்பாமல் மெல்லிய பூச்சாக நாலைந்து தடவை ஏற்றுங்கள். அச்சில் உப்பு தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தால் மை போதவில்லை, அல்லது அழுத்தம் குறைவு. மை இளகலாக இருந்தால் மெக்னீஷியம் கார்பனேட் கொஞ்சம் கலந்தால் இறுகும்.

எட்சிங்கில் பிளேட்டை இளஞ்சூட்டில் வைத்து மையைக் கோடுகளுக்குள் திணித்து, டார்லடன் என்ற கஞ்சியிட்ட வலைத் துணியால் வட்டமாகத் துடைக்க வேண்டும். துணியை அழுத்தினால் கோட்டிலிருக்கும் மையும் கூடவே வந்துவிடும். அமிலம் இல்லாமல் தகட்டை நேரடியாகக் கீறும் டிரைபாயிண்டில் இன்னும் கவனம் தேவை: ஊசி கீறிய கோட்டின் ஓரத்தில் எழும் பிசிறுதான் மையைப் பிடித்து அந்த மென்மையான கருமையைத் தருகிறது, முரட்டுத் துடைப்பில் அது மடங்கிவிடும். தாள் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் மேலே நீர் மினுமினுக்கக் கூடாது.

கல்லில் வரைந்து அச்செடுக்கும் லித்தோகிராஃபிக்கு இதை எடுக்காதீர்கள். அங்கே கல்லின் ஈரம் மையை விலக்க வேண்டும். தண்ணீரில் கழுவும்படி செய்த மை அந்த ஈரத்தோடு குழம்பி, வெறுமையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் அழுக்குப்படும். ஸ்க்ரீன் பிரிண்டுக்கும் இது உருவானதல்ல.

குறை என்றால் காயும் நேரம்தான். மை ஆவியாகிக் காய்வதில்லை, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. உறிஞ்சும் தாளில் சில நாட்கள் போதும்; வழவழப்பான தாளில் கூடும். ஒரே லினோவை மேலும் மேலும் வெட்டிப் பல நிறம் ஏற்றுபவர்களுக்கு இது தலைவலி. அடுக்கி வைக்காமல் கயிற்றில் தொங்கவிடுங்கள். டிரையர் என்ற உலர்த்தும் பொருளை மையில் சேர்த்தால் வேகம் கூடும்; அளவு மீறினால் கண்ணாடியிலேயே மைக்கு ஆடை கட்டும்.

சுத்தம் செய்வதிலும் வரிசை முக்கியம். மிச்ச மையைக் கத்தியால் வழித்து, சோப்பை நீர் கலக்காமல் தேய்த்து, அதன் பிறகே தண்ணீர். செதுக்கிய மரப் பலகையில் அச்செடுத்திருந்தால் அதைக் கழுவாதீர்கள், உப்பிவிடும்; உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். உருளையின் கம்பியை ஈரம் போகத் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். எண்ணெய் மை பட்ட துணிகளைச் சுருட்டிக் குவிக்கவே கூடாது, அவை தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய உலோக டப்பாவில் போட்டு மூடுங்கள்.