கூரைமேல் பேக்கேஜ் ஏசி மாற்றப் போகிறவர்களுக்கு: நாங்கள் ஏமாந்த விவரம்

பாலைவன வெயில் அடிக்கிற ஊரில், கூரைமேல் இருக்கும் பழைய பேக்கேஜ் யூனிட்டை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்ப்ரசர், காயில், விசிறி, குளிர்காலத்துக்கான ஹீட்டர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். கிரேனில் தூக்கி வைத்து, வீட்டுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாயான டக்டோடு சேர்த்து, கரண்ட் கொடுத்தால் முடிந்தது என்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஒரு நிறுவனம் காலையில் வந்து மதியத்துக்குள் முடித்துவிட்டுப் போனது. அவர்கள் விட்டுவைத்த குறைகள் கோடையில் கொஞ்சம், மழையில் கொஞ்சம், குளிரில் மீதி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை. மாட்டிய விதத்தில்தான் முழு மோசடியும்.

கோடை உச்சத்தில் பழைய யூனிட்டின் கம்ப்ரசர் போய்விட்டது. வெளியே 45 டிகிரி, வீட்டில் வயதான அம்மா. இப்படி மாட்டிக்கொண்டவர்களிடம்தான் இந்த வியாபாரம் வேகமாக முடிகிறது. அன்று மாலையே வந்தவர் கூரைக்கு ஏறினார், பழைய யூனிட்டின் லேபிளைப் போட்டோ எடுத்தார், இறங்கிவிட்டார். வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, கூரைக்கு இன்சுலேஷன் உண்டா, டக்ட் என்ன அளவு, எதையும் பார்க்கவில்லை. "பழசு 4 டன். இந்த வெயிலுக்கு 5 டன்னாப் போட்டுடலாம் சார், அப்புறம் கவலையே இல்லை" என்றார். இன்றே முன்பணம் தந்தால் நாளைக் காலை கிரேன் வரும், இல்லையென்றால் அடுத்த வாரம்தான் என்றும் சொன்னார்.

பெரிய யூனிட் என்றால் வெயிலைத் தாங்கும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது சுமார் 3.5 கிலோவாட் குளிர்விக்கும் திறன். ஆனால் லேபிளில் உள்ள அந்த எண் பெரும்பாலும் வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்துப் போட்டது. 46 டிகிரி வந்தால் அதே யூனிட்டின் திறன் சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும், சில மாடல்களில் இன்னும் அதிகமாகவே. ஐஎஸ்ஓ 5151 என்ற சர்வதேசத் தரத்தில் வெப்பமான நாடுகளுக்கென்றே டி3 என்று ஒரு வகை உண்டு. அதில் 46 டிகிரியில்தான் சோதனை நடக்கும், சாதாரண டி1 வகைக்கு 35. 2016 ஜூலையில் குவைத்தின் மித்ரிபாவில் 53.9 டிகிரி பதிவானதை உலக வானிலை அமைப்பே சரிபார்த்து ஏற்றிருக்கிறது. பாலைவனத்தில் 46கூட மேல் எல்லை கிடையாது. அதனால் விற்பவர் காட்ட வேண்டியது உங்கள் ஊர் வெயிலில் அந்த மாடல் எவ்வளவு குளிர்விக்கும் என்ற அட்டவணையைத்தான். பெரும்பாலான மாடல்களுக்குத் தயாரிப்பாளர் அதை வெளியிடுகிறார். எங்களிடம் வந்தவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் சொல்லாமல் விட்ட இன்னொரு பாதி காற்று. ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று ஓட வேண்டும். 4 டன்னுக்கு 1,600, 5 டன்னுக்கு 2,000. எங்கள் டக்ட் 1,600 கன அடிக்குப் போட்டது. அதே குழாயில் 2,000 தள்ளப் பார்த்தால் விசிறி திணறும், கிரில்லில் இரைச்சல் வரும், காசு கொடுத்து வாங்கிய ஐந்தாவது டன் அறைக்கே வந்து சேராது. அமெரிக்காவில் ஏசிசிஏ என்ற ஒப்பந்ததாரர் சங்கம் வீட்டின் வெப்பச் சுமையைக் கணக்கிட மேனுவல் ஜே, டக்ட் அளவுக்கு மேனுவல் டி என்று முறைகளை எழுதியே வைத்திருக்கிறது. எந்த ஊரானாலும் அந்தக் கணக்கைப் போடலாம். பழைய லேபிளைப் பார்த்து அதற்கு மேல் ஒரு டன் கூட்டுவது கணக்கே ஆகாது.

புது யூனிட்டின் அடிப்பகுதி அளவு வேறு. யூனிட்டைத் தாங்கக் கூரையில் ஏற்கெனவே இருந்த சட்டத்தில் (பிரேமில்) அது உட்காரவில்லை. அதற்கென்று அடாப்டர் சட்டம் செய்து வாங்கி, இடையில் கேஸ்கெட் என்ற அடைப்புப் பட்டை வைத்து, ஓரங்களில் மாஸ்டிக் என்ற அடைப்புப் பசையைப் பூசி மூட வேண்டும். இவர்கள் தகரத் துண்டுகளை வளைத்து இடைவெளியில் செருகி, மேலே சாம்பல் நிறத் துணி டேப்பைச் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அந்த டேப்புக்கு டக்ட் டேப் என்றுதான் பெயர். ஆனால் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் 1998இல் பலவகை டேப்புகளையும் பூச்சுகளையும் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றிச் சோதித்தபோது, டக்ட் இணைப்பில் தாங்காமல் விட்டுப்போனது இந்த ரப்பர் பசை வைத்த துணி டேப்தான். பாலைவன வெயிலில் அடர்நிறக் கூரையின் மேற்பரப்பு 70 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் பசை இளகி, டேப் சுருண்டு தொங்க ஆரம்பித்தது.

இதனால் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் கணக்காகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பணத்தில் பெரும்பகுதி போனது இங்கேதான். வீட்டுக்குள்ளிருந்து யூனிட்டுக்குத் திரும்பிப் போகிற காற்று 26 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு அந்த ஓட்டை வழியாகக் கூரையில் சுட்டுக்கிடக்கும் 60 டிகிரி காற்று என்றால், கலந்து காயிலுக்குப் போவது 29.4 டிகிரி. நல்ல யூனிட் காற்றைச் சுமார் 10 டிகிரிதான் குளிர்விக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு, வெளியிலிருந்து உறிஞ்சிய சூட்டைத் தணிக்கவே செலவாகிறது. கூரையில் 5 டன் ஓடுகிறது, மீட்டர் சுற்றுகிறது, மதியம் மூன்று மணிக்கு அம்மா ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

கூப்பிட்டோம். வந்த ஆள் அழுத்தம் அளக்கும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு காஸ் கம்மி என்றார், ஏற்றினார், தனி பில்லும் கொடுத்தார். இந்த இடத்தை மட்டும் தயவுசெய்து நன்றாக நினைவில் வையுங்கள். பேக்கேஜ் யூனிட் தொழிற்சாலையிலேயே காஸ் நிரப்பி, சீல் செய்து வருகிறது. ஸ்ப்ளிட் ஏசி மாதிரி இரண்டு பெட்டிக்கு நடுவே செம்புக் குழாய் இழுக்கிற வேலை இதில் கிடையாது. மாட்டும்போது காஸ் குழாயைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. புது யூனிட்டில் காஸ் குறைவாக இருந்தால் ஒன்று, தொழிற்சாலைக் குறை, அல்லது தூக்கும்போது எங்காவது அடிபட்டுக் கசிகிறது. இரண்டிலுமே கசிவைக் கண்டுபிடித்து வாரன்டியில் சரிசெய்ய வேண்டும், உங்களிடம் காசு கேட்கக் கூடாது. காற்றோட்டத்தை அளக்காமல், கசிவைத் தேடாமல், புது யூனிட்டில் காஸ் ஏற்றி பில் போடுகிறவர் உங்களை ஏமாற்றுகிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் காஸ் ஏறியதும் நிலைமை இன்னும் மோசமானது. மதியமானால் யூனிட் தானாக நின்றுவிடும், சாயங்காலம் ஓடும். பின்னால் நாங்கள் தனியாக அழைத்துவந்த டெக்னீஷியன் காரணத்தை விளக்கினார். எங்கள் யூனிட்டில் இருப்பது ஆர்-410ஏ என்ற காஸ். அது சுமார் 71 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. கூரையில் வெளிக்காயில் இழுக்கிற காற்றே 50 டிகிரியை நெருங்கும்போது மிச்சமிருக்கும் இடைவெளி குறைவு. அதில் அளவுக்கு மேல் காஸும் இருந்தால் அழுத்தம் எகிறி, பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடுகிறது. அந்த சுவிட்ச் இல்லாதிருந்தால் இரண்டாவது கம்ப்ரசரும் போயிருக்கும்.

அவர் பொறுமையாக ஒவ்வொன்றாக அளந்து எழுதிக் கொடுத்தார். டக்டில் காற்றழுத்தம் 0.9 அங்குல நீர்மட்டம் (காற்று எவ்வளவு தடைபடுகிறது என்பதைக் காட்டும் அளவு). தயாரிப்பாளர் காற்றளவைக் குறிப்பிட்டிருந்தது 0.5க்கு. மின்சாரப் பக்கமும் பார்த்தார். புது யூனிட்டின் லேபிளில் பிரேக்கர் அதிகபட்சம் 50 ஆம்பியர் என்று இருக்கிறது, பெட்டியில் பழைய 60 ஆம்பியரையே விட்டிருந்தார்கள். ஏதாவது கோளாறு வந்தால் பிரேக்கர் விழ வேண்டிய நேரத்தில் விழாமல் போகலாம். இது பணத்தோடு நிற்கிற விஷயம் இல்லை, வீடே தீப்பிடிக்கலாம். அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் மழை வந்தது. வருஷத்தில் சில நாள் பெய்தாலும் பாலைவன மழை கொட்டித்தான் தீர்க்கும். சட்டத்தின் ஓரமாகத் தண்ணீர் இறங்கி ஹாலின் கூரைப் பலகை ஊறிப்போனது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. யூனிட்டின் தண்ணீர் வெளியேறும் குழாயில் யு வடிவ வளைவு வைக்கவே இல்லை. உள்ளே விசிறி உறிஞ்சுகிற இழுப்பில் அந்த வளைவு இல்லாவிட்டால் குழாய் வழியே காற்று உள்ளே வரும், தண்ணீர் வெளியே போகாது. காற்று வறண்டிருக்கும் மாதங்களில் காயிலில் தண்ணீரே அதிகம் சேராததால் இந்தக் குறை கண்ணில் படவில்லை. ஈரக்காற்று வந்ததும் காயிலுக்குக் கீழே இருக்கும் தட்டு நிரம்பி டக்டுக்குள் வழிந்தது.

குளிர்காலத்தில் வெளிவந்ததுதான் அப்பட்டமான திருட்டு. பாலைவனத்தில் வானம் தெளிவு, காற்றில் ஈரம் இல்லை, அதனால் பகல் சூடு ராத்திரியில் சீக்கிரம் போய்விடும். எங்களுடையது ஹீட் பம்ப், அதாவது குளிர்காலத்தில் ஏசியே திருப்பி ஓடி வீட்டைச் சூடாக்கும் வகை. கடும் குளிரில் அதற்குத் துணையாக மின் ஹீட்டர் கிட் ஒன்று வேண்டும். பல மாடல்களில் அது யூனிட்டோடு வராது, தனியாக வாங்கி மாட்டும் இடத்தில்தான் பொருத்துவார்கள். எங்கள் பில்லில் அதற்கு விலை போட்டிருந்தது. முதல் குளிர் இரவில் சூடு போதவில்லை என்று டெக்னீஷியனை அழைத்து மூடியைத் திறந்து பார்த்தால், ஹீட்டர் இருக்க வேண்டிய இடத்தைத் தகட்டால் மூடியிருக்கிறது. ஹீட்டர் கிட் என்ற ஒன்றே அங்கே இல்லை. மாட்டாத பொருளுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

நிறுவனத்தைக் கேட்டபோது, வேறு ஆள் யூனிட்டைத் திறந்ததால் வாரன்டி செல்லாது என்றார்கள். தயாரிப்பாளருக்கே எழுதிக் கேட்டோம். உரிமம் உள்ளவர் திறந்து பார்ப்பதால் மட்டும் எங்கள் யூனிட்டின் வாரன்டி போகாது என்று பதில் வந்தது. டெக்னீஷியன் எழுதிக் கொடுத்த அளவுகளையும் போட்டோக்களையும் இணைத்து, உரிமம் வழங்கும் இடத்தில் புகார் கொடுத்தோம். அதன்பிறகு ஹீட்டர் கிட்டின் பணமும் காஸ் பில்லும் திரும்பி வந்தன. கூரைச் சட்டத்தையும், வீட்டுக் காற்று யூனிட்டுக்குத் திரும்பும் ரிட்டர்ன் டக்டையும் எங்கள் செலவில்தான் திருத்தினோம். அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

நீங்கள் மாற்றப் போகிறீர்கள் என்றால், வெப்பச் சுமைக் கணக்கு, உங்கள் ஊர் உச்ச வெயிலில் அந்த மாடலின் திறன், அடாப்டர் சட்டம், பிரேக்கர் அளவு, ஹீட்டர் கிட்டின் மாடல் எண் எல்லாவற்றையும் கொட்டேஷனில் எழுத்தில் கேளுங்கள். கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள். யூனிட் ஓடும்போது டக்ட் அழுத்தத்தையும், உள்ளே போகிற, வெளியே வருகிற காற்றின் சூட்டையும் உங்கள் எதிரிலேயே அளக்கச் சொல்லுங்கள். மின்சாரத்தை அணைத்து ஹீட்டர் பகுதியின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

கோடை நடுவில் யூனிட் போய்விட்டதென்றால், ஜன்னலில் வைக்கிற சின்ன ஏசி ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ ஒரே ஒரு அறையைக் குளிரவையுங்கள். வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் இருந்தால் எல்லாரும் அந்த அறையிலேயே தூங்குங்கள். நாளைக்கே கிரேன் என்று அவசரப்படுத்துகிறவரை அனுப்பிவிட்டு, வீட்டுக்குள் வந்து டக்டை அளக்கிற ஆள் கிடைக்கும்வரை அப்படிச் சமாளிக்கலாம்.