நடவு வயலில் குனிந்த முதுகுக்கு எது உதவும்: கைரோபிராக்டிக்கா, பயிற்சியா, தொக்கணமா?

குறுவை நடவு முடிகிற நாட்களில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இடுப்பு வலியைப் பற்றிய பேச்சு வந்துவிடும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலே நாள்பட்ட வலி என்று மருத்துவம் கணக்கிடுகிறது. என் அத்தைக்கோ நான்கு ஆண்டுகளாகிவிட்டன. "ஒரே சொடக்குல எலும்ப சரி பண்ணிடுறாங்களாம்ல தம்பி, மெட்ராசுக்கு ஒரு நட போயிட்டு வந்துரலாமா?" என்று செல்பேசியில் ஒரு கைரோபிராக்டிக் காணொளியைக் காட்டி அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கைரோபிராக்டிக், பயிற்சி, சித்த மருத்துவத்தின் தொக்கணம் ஆகிய வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன்.

முதலில், நடவு முதுகை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். முழங்காலை மடக்காமல் முழுக்கக் குனிந்து நிற்கும்போது முதுகுத் தசைகள் கடினமாக உழைப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில், குனிவின் கடைசி எல்லையில் அந்தத் தசைகள் பெருமளவு வேலையை நிறுத்திவிட, உடலின் பாரம் தசைநார்கள் மீதும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் மீதும் இறங்குகிறது. வலி நாள்பட்டுவிட்டால், முள்ளெலும்புகளை ஒட்டி ஆழத்தில் ஓடும் மல்டிஃபிடஸ் என்ற தசை பலருக்கு மெலிந்து, அதற்குள் கொழுப்பு படிகிறது. ஆகவே, வலியை எது குறைக்கும் என்பது ஒரு கேள்வி, தளர்ந்த தசையை எது மீட்கும் என்பது வேறொரு கேள்வி. விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன.

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய முறை. மூட்டின் மீது கையால் விரைவான, குறுகிய விசையைச் செலுத்துவதே அதன் முதன்மையான செயல். அப்போது கேட்கும் சொடக்குச் சத்தம் விலகிய எலும்பு இடத்துக்கு வந்ததன் அடையாளமன்று. மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குழியோடு தொடர்புடையது. இதனால் பயனே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான தெரிவுகளில் ஒன்றாக இதை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் கிடைக்கும் நிவாரணம் சிறிது. பிற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகள் தரும் அளவுதான். பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இன்னும் தெளிவாக, கைவழிச் சிகிச்சையைப் பயிற்சியோடு சேர்த்து மட்டுமே தரச் சொல்கிறது. எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது, ஏனெனில் மேசையில் படுத்திருக்கும் ஒருவருடைய தசையை இன்னொருவருடைய கை வலுப்படுத்திவிட முடியாது.

டெல்டாக்காரர்களுக்கு நடைமுறைச் சிக்கலும் உண்டு. முறையாகப் பட்டம் பெற்ற கைரோபிராக்டர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறார்கள். இந்தியாவில் இத்தொழிலுக்கெனத் தனிப் பதிவு மன்றமும் இல்லாததால், யார் பயின்றவர், யார் காணொளி பார்த்துக் கற்றவர் என்று நோயாளியால் பிரித்தறிய முடிவதில்லை. போதாக்குறைக்கு, வலியைக் குறைத்துக்கொண்டு திரும்புகிறவர் ஏழெட்டு மணி நேரம் பேருந்து இருக்கையில் குறுகி உட்கார்ந்து வர வேண்டும்.

பயிற்சியின் பக்கம் சான்று அகலமானது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2021ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு 249 ஆய்வுகளைத் திரட்டி, நாள்பட்ட கீழ்முதுகு வலிக்குச் சிகிச்சையின்றி இருப்பதைவிடப் பயிற்சி நல்ல பலன் தருகிறது என்று கண்டது. ஆனால் என் மனத்தை மாற்றியது 1996இல் வெளியான ஒரு சிறிய ஆஸ்திரேலிய ஆய்வு. முதல்முறையாக முதுகு வலி வந்தவர்களில், பயிற்சி செய்யாதவர்களுக்கும் நான்கு வாரங்களில் வலி விலகிவிட்டது. ஆனால் அவர்களுடைய மல்டிஃபிடஸ் தசை பத்தாவது வாரத்திலும் பழைய பருமனுக்குத் திரும்பவில்லை. வலி போனதும் சிகிச்சை முடிந்தது என்று வயலில் இறங்கிவிடுகிற நம்மவர்களுக்கு இதைவிட நேரான எச்சரிக்கை இல்லை. பயிற்சியின் குறை, அது பலன் காட்ட வாரக்கணக்கில் ஆகிறது என்பதும், செய்து முடித்த உடனே சுகம் தெரியாது என்பதும்தான். அரசு மருத்துவமனைகளிலும், 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டால் பிறகு வீட்டுத் தரையே போதும்.

சித்த மருத்துவத்தின் தொக்கணம் நம் மண்ணுக்குப் பழக்கமானது. எண்ணெய் தடவி அழுத்தியும் பிடித்தும் இழுத்தும் விடும்போது இறுகிய தசை தளர்ந்து தூக்கம் வருகிறது. அந்த ஒரு நல்ல இரவின் மதிப்பை வலியோடு வாழ்கிறவர்கள் அறிவார்கள். ஆனால் இதுவும் இறுக்கத்தைத் தளர்த்துகிற வேலையே தவிர வலுவேற்றுகிற வேலையன்று. கடையில் வாங்கும் இடுப்புப் பெல்ட்டை உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட வலிக்குப் பரிந்துரைக்கவே இல்லை. அடிக்கடி போட்டுக்கொள்ளும் வலி ஊசி வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது என்பதால் அதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சிறுநீர் அடைப்பு, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலமிழத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலும் எடை குறைவும் இரவு வலியும் சேர்ந்திருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கக்கூடும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கும் பெண்களுக்கு வேகமான விசை முள்ளெலும்பையே முறித்துவிடலாம்; என் அத்தைக்குச் சென்னைப் பயணம் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவே முதல் காரணம்.

இப்போது அவர் விடியற்காலையில் அடுப்பு மூட்டும் முன் பாய் விரித்து, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை நிற்கிறார்; பிறகு மறுபக்கம். முதல் வாரத்தில் மூன்று எண்ணுவதற்குள் உடம்பு ஆடியது. வலி முழுக்கப் போய்விடவில்லை. நீர்க்குடத்தைத் தூக்க இப்போது பேரனைக் கூப்பிடுவதில்லை. வயலில் ஒவ்வொரு நாற்றுமுடி தீரும்போதும் நிமிர்ந்து, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி, ஐந்து முறை பின்னால் வளைந்துவிட்டுத்தான் அடுத்த முடியை அவிழ்க்கிறார்.