பால்கனித் தொட்டிக்கு எந்த உறை உரம்?

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் தொட்டிகள்தான் என் தோட்டம்: கறிவேப்பிலை, மிளகாய், லிமாவ் கஸ்தூரி, மல்லிகை. மணிகளுக்கு மேல் உறை போட்டு, மெல்ல மெல்லச் சத்து விடும் உரங்களில் நான் தேர்ந்தெடுத்தது தாவர எண்ணெய் உறை போட்டது.

கந்தக உறை யூரியா விலை குறைவு. ஆனால் கந்தகம் எளிதில் விரிசல் விடும். விட்டால் யூரியா மொத்தமாக இறங்கி, சின்னத் தொட்டியில் வேரைக் கருக்கிவிடும். நைட்ரஜனும் கந்தகமும் தவிர வேறு சத்தும் இல்லை. அதை விட்டுவிடலாம்.

மீதி இரண்டு: ஒன்று பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் உறை; மற்றது சோயா, ஆளிவிதை போன்ற எண்ணெயிலிருந்து செய்யும் ஆல்கிட் பிசின் உறை. ஆஸ்மோகோட் என்ற பிராண்டு இரண்டாவது வகை. வேலை செய்யும் விதம் ஒன்றுதான். ஈரம் உறைக்குள் புகுந்து உர உப்பைக் கரைக்கும், கரைசல் மெல்லக் கசியும். சூடு கூடினால் கசிவும் கூடும். ஆஸ்மோகோட் பையில் உள்ள மாதக் கணக்கு 21 டிகிரிக்கானது. பினாங்கின் சராசரியே 27ஐத் தாண்டும். அதனால் ஆறு மாதம் என்றிருந்தால் நான்காம் மாதமே அடுத்த உரத்தைப் போட்டுவிடுகிறேன்.

எனக்கு முடிவைச் சொன்னது சத்து போனபின் மிஞ்சும் கூடுதான். வெற்றுக்கூடு லேசானது. இங்கே அடிக்கிற மழையில் தொட்டி நிரம்பி வழிந்தால் அது மிதந்து லோங்காங்கில் (சாக்கடையில்) விழும், அங்கிருந்து கடல்தான். ஜப்பானில் நெல்வயல்களில் போட்ட பிளாஸ்டிக் உறைகள் கடற்கரையில் ஒதுங்குவது பெரிய பிரச்சினையாகி, 2030க்குள் அவற்றைக் கைவிட வேண்டும் என்று 2022இல் அங்குள்ள உர அமைப்புகள் இலக்கு வைத்தன. பாலிஎதிலீனில் மண்ணின் நுண்ணுயிர்கள் உடைக்கத் தோதான பிணைப்பு இல்லை. எண்ணெய்ப் பிசினில் அப்படி உடையக்கூடிய எஸ்டர் பிணைப்புகள் இருப்பதால் அது மெதுவாகவாவது சிதைய வழி உண்டு. நண்டும் மீனும் பிடித்துச் சாப்பிடுகிற தீவில் இதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

அதற்காக எண்ணெய் உறையை முழுத் தாவரப் பொருள் என்று சொல்ல மாட்டேன். அதில் பெட்ரோலியத்திலிருந்து வரும் டைசைக்ளோபென்டாடையீன் என்ற வேதிப்பொருளும் சேர்கிறது. தொட்டி மாற்றும்போது பழைய மண்ணில் கூடுகள் இன்னும் கண்ணில் படுகின்றன. அப்புறம், என் அனுபவமெல்லாம் தொட்டியோடு சரி; பாலிக் புலாவில் டுரியான் மரம் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எதை வாங்கினாலும் மணிகளை மேலே தூவாமல் ஓர் அங்குல ஆழத்தில் மண்ணோடு கலந்துவிடுங்கள். மழைக்கு மிதந்து போவது வெகுவாகக் குறையும்.